மாத்திரை எழுதித் தராத டாக்டர் என்ன செய்தார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. டாக்டர் மருந்தைக் குறைக்கிறார், பேச்சைக் கூட்டுகிறார், இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்கள். பொதுநல மருத்துவராக என் அன்றாட வேலையில் பெரும்பகுதி இதுதான் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஐந்து நாளாக இருமல், மூக்கொழுகல். முதல் இரண்டு நாள் காய்ச்சலும் இருந்தது. எங்கள் டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தார், பத்து நிமிடம் பேசினார், ஒரு சின்னக் கையேட்டைக் கொடுத்தார், ஆனால் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. “வெறும் பேப்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாரே” என்று வீட்டில் அவர் கோபப்படுகிறார். டாக்டர் அலட்சியமாக இருந்துவிட்டாரா?

பதில்: அலட்சியம் இல்லை அம்மா. ஆன்டிபயாடிக் எழுத அரை நிமிடம் போதும். வேண்டாம் என்று முடிவெடுத்து, ஏன் வேண்டாம் என்பதை உங்களுக்குப் புரியவைக்கத்தான் பத்து நிமிடம் ஆகிறது. அதுவும் காது, தொண்டை, நெஞ்சு மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

சிறு குழந்தைகளுக்கு வரும் சளி, இருமலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை எப்படி அடக்குகிறது என்று பாருங்கள். சில மருந்துகள் பாக்டீரியாவைத் தன் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன, சில அது புரதம் தயாரிக்கும் இடத்தையே முடக்குகின்றன. வைரஸுக்கு அந்தச் சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் வசதியும் கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே மருந்து போய் அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அடிவாங்கும். வயிற்றுப்போக்கு வரலாம், உடம்பில் தடிப்பு வரலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்தக் குடலில் இடம்பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

அப்புறம் நாள் கணக்கு. இருமல் என்றால் ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கிறோம். குழந்தைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான ஓர் அலசல், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இருமல் முழுதாக அடங்க 25 நாள் வரை ஆகிறது என்று சொன்னது. உங்கள் மகனுக்கு இன்று ஐந்தாம் நாள். ஏழாம் நாள் பொறுமை போய் வேறொரு டாக்டரிடம் ஓடி மருந்து வாங்கி, பத்தாம் நாள் இருமல் தானாகவே தணிந்தால் நல்ல பெயர் அந்த மருந்துக்குப் போய்விடும். அடுத்த சளிக்கும் அதையே கேட்போம். இந்தச் சுழலில் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கையேட்டை வெறும் பேப்பர் என்று தள்ளிவிடாதீர்கள். 2009இல் வேல்ஸிலும் இங்கிலாந்திலும் 61 மருத்துவ நிலையங்களில், சளி, இருமலோடு வந்த குழந்தைகளின் பெற்றோரிடம் இப்படி ஒரு கையேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டிப் பேசிப் பார்த்தார்கள். கையேடு இல்லாத இடங்களில் அந்த முதல் வருகையில் 40.8 சதவீதக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது, கையேடு வைத்துப் பேசிய இடங்களில் 19.5 சதவீதம்தான். பெற்றோரின் திருப்தியும் குறையவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். எப்போது திரும்ப வர வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூச்சு வேகமாக வாங்குகிறது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகிறது, தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறான், சிறுநீர் குறைந்துவிட்டது, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுகிறான், விட்ட காய்ச்சல் மறுபடி வருகிறது, இதில் எது வந்தாலும் நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். உதடு நீலமாவதோ, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் உடம்பில் வருவதோ தெரிந்தால் அது அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

கேள்வி: தொண்டை வலி என்று போனேன். ஆன்டிபயாடிக் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, “இப்போது வாங்க வேண்டாம், மூன்று நாளில் குறையவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்” என்கிறார். தேவை என்றால் தேவை, இல்லை என்றால் இல்லை. இது என்ன நடுவில் ஒரு நிலை?

பதில்: அந்த நடு நிலைக்கு நியாயம் இருக்கிறது. தொண்டை வலியில் பெரும்பாலானது ஒரு வாரத்துக்குள் தானாகப் போகும், கொஞ்சம் பேருக்குப் போகாது. முதல் நாளிலேயே யார் எந்தப் பக்கம் என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. முடிவை உங்கள் கையில் கொடுத்து, அதற்கான அளவுகோலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் அவர்.

இங்கிலாந்தில் பால் லிட்டில் என்ற பொதுநல மருத்துவரும் அவர் குழுவினரும் இதை முறையாகச் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். தொண்டை வலியோடு வந்தவர்களில் ஒரு பகுதிக்கு உடனே ஆன்டிபயாடிக், ஒரு பகுதிக்கு எதுவும் இல்லை, மீதிப் பேருக்கு உங்களுக்குச் சொன்னது போலக் காத்திருக்கும் சீட்டு. மூன்று குழுவும் குணமான வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருக்கச் சொன்னவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் அந்தச் சீட்டைப் பயன்படுத்தவே இல்லை. உடனே மருந்து வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது: மருந்தால்தான் சரியானது என்று நம்பினார்கள், அடுத்த முறை தொண்டை வலித்தாலும் டாக்டரிடம் வருவோம் என்றார்கள். நாங்கள் எழுதும் ஒவ்வொரு சீட்டும் ஒரு பாடம் நடத்திவிடுகிறது, தப்பான பாடமாக இருந்தாலும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் காத்திருக்கும்போது வலிக்கு என்ன செய்வது, எது வந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் சீட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வு பெற்ற ஆசிரியை. புதிதாக மாறிய டாக்டர் மருந்தையெல்லாம் விளக்கிவிட்டு, “இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், எப்படிப் போடுவீர்கள்?” என்று கேட்கிறார். மாணவியைக் கேள்வி கேட்பது போல இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும் டாக்டர்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. நீங்களே எத்தனை வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்டிருப்பீர்கள், எத்தனை குழந்தைகள் “புரிந்தது டீச்சர்” என்று சொல்லிவிட்டு விடைத்தாளில் வேறு ஏதோ எழுதியிருப்பார்கள். மருத்துவரின் அறையிலும் அதுதான் நடக்கிறது. கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனேயே மறந்துவிடுகிறது என்று மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உடம்பு முடியாமல், பயத்தோடு, அரைகுறை ஆடையில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு படித்திருந்தாலும் பாதி காதில் ஏறாது. நானே நோயாளியாகப் போனபோது எனக்கும் ஏறவில்லை.

படிப்பது வேறு, செய்வது வேறு என்பதற்கு இன்னொரு கணக்கு. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எழுத்தறிவு குறைவாக இருந்த நோயாளிகளிடம் ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை’ என்ற மருந்து லேபிளைக் கொடுத்தார்கள். அதன் அர்த்தத்தைச் சரியாகச் சொன்னவர்கள் 70.7 சதவீதம். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள் என்றதும் நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்துக் காட்டியவர்கள் 34.7 சதவீதம்தான். வாயால் சொன்னதில் பாதிப் பேர் கையால் செய்யவில்லை. டாக்டர் ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்டிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது ஒரு இன்ஹேலரில். ஆஸ்துமா உள்ள ஒரு பெண், நன்றாகப் படித்தவர், மருந்தை ஒழுங்காக வாங்குபவர். மூச்சிரைப்பு அடங்கவில்லை என்று இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் மருந்தை ஏற்றினேன். மூன்றாம் முறை ஏதோ தோன்றி, “எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்களேன்” என்றேன். கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார், குலுக்கவில்லை, வாயைத் திறந்து விரலளவு தள்ளிப் பிடித்து அழுத்தினார், அழுத்தி முடித்த பிறகு மூச்சை இழுத்தார். வெள்ளைப் புகை போல மருந்து அவர் மேலுதட்டில் பட்டு என் மேஜைப் பக்கம் கலைந்து போனது. பல மாத மருந்து நுரையீரலுக்குள் போகவே இல்லை. நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுக்கமாகக் கவ்வி, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும் என்று காட்டினேன். திரும்பச் செய்யச் சொன்னேன், நாலாவது தடவையில் வந்தது. ஏற்றிய மருந்தைப் பிறகு இறக்க முடிந்தது.

அவர் தவறு அதில் எதுவும் இல்லை. முதல் நாளே செய்து காட்டச் சொல்லாத தவறு என்னுடையது. உங்கள் டாக்டர் கேட்பதையும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள், தான் சரியாகச் சொன்னோமா என்று அவர் தன்னையே சோதித்துக்கொள்கிறார். அவர் கேட்காத நாளில் நீங்களாகவே “ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்று ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்கிறார்கள். இப்போது சிலர் நீண்ட கோர்ஸ் தேவையில்லை என்கிறார்கள். எது சரி? காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பதில்: இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார். போதாத அளவில் மருந்தைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்பவர் கிருமியைக் கொல்லாமல், மருந்தைத் தாங்கப் பழக்கிவிடுவார் என்பது அவர் கவலை. கோர்ஸை முடியுங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இப்படிப்பட்ட பயம் இருந்தது. ஆனால் தேவைக்கு அதிகமான நாட்கள் போடும்போதும், உடம்பில் சும்மா இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகுகின்றன என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. அதனால்தான் முன்பு ஏழு, பத்து நாள் கொடுத்த சாதாரண நிமோனியாவுக்கு, நிலைமை சீராகிவிட்ட பெரியவர்களுக்கு ஐந்து நாள் போதும் என்கிறார்கள். காசநோயில் நேர் எதிர். சில வாரத்தில் இருமல் நின்று தெம்பு வந்துவிடும், ஆனாலும் வழக்கமாக ஆறு மாதம் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள், நடுவில் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மீதி மாத்திரையை எடுத்து வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு அந்த மருந்து பொருந்துமா என்று தெரியாது, நாலு மாத்திரை எந்தக் கோர்ஸுக்கும் காணாது, வீட்டில் இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டு அலர்ஜி வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: பாராசிட்டமால் பாதுகாப்பான மாத்திரைதானே, தலைவலி போகும் வரை போடலாமா?

பதில்: அளவுக்குள் இருக்கும் வரை பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவே உச்சவரம்பு. உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், அதிகம் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. சிக்கல் பெரும்பாலும் தெரியாமல் வருகிறது: சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று மூன்று பெயரில் வாங்குவதற்குள்ளும் பாராசிட்டமாலே இருக்கும். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள். அளவு மீறிப் போட்டுவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, கல்லீரல் அடிபடுவது பிறகுதான் தெரியும். அதை முறிக்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. நான்கு டாக்டர்கள், பதினொரு மருந்து. பொது டாக்டர் இப்போது, “வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்” என்கிறார். சீட்டுகள் இருக்கும்போது பை எதற்கு?

பதில்: எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றுகூட விடாமல். அலமாரியில் மறந்து கிடக்கும் பழைய பாட்டில், பக்கத்து வீட்டம்மா கொடுத்த மூட்டுவலி மாத்திரை, கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து. சீட்டில் இருப்பது நாங்கள் எழுதியது. பையில் இருப்பதுதான் அம்மா உண்மையில் சாப்பிடுவது.

ஒரு பெரியவரின் பையை என் மேஜையில் கொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரஷருக்கு அம்லோடிபின் போட்டுக்கொண்டிருந்தார், அதனால் கணுக்கால் வீங்கியது. அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு, ஆனால் புது நோய் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் நீர் பிரியும் மாத்திரை எழுதினார்கள். நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் சிவந்து வீங்கியது, அதற்கு ஒருவர் வலி மாத்திரை எழுதினார். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும். பிரஷர் ஏறியதும் அம்லோடிபின் அளவு கூட்டப்பட்டது. எந்த டாக்டரும் தனித்தனியாகப் பெரிய பிழை செய்யவில்லை, எல்லா மருந்தையும் யாரும் ஒரே மேஜையில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதே பையில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டப்பாவில் இருந்தது, இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். நிறம் வேறு, பெயர் வேறு, அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் பையில் தூக்க மாத்திரை இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். டயசெபாம், லோரசெபாம் வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தையும், விழுந்து எலும்பு முறியும் அபாயத்தையும், ஞாபகக் குழப்பத்தையும் கூட்டுகின்றன. கனடாவில் இந்த மாத்திரைகளை நெடுநாளாகப் போட்டுவந்த முதியவர்களுக்கு, அதன் ஆபத்துகளையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் எளிமையாக விளக்கிய ஒரு கையேட்டை அனுப்பிப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் அந்த மாத்திரையை முழுவதும் விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 5 சதவீதம். வயதானவர்களுக்குச் சொன்னால் புரியாது, பழக்கம் மாறாது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம், வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

மருந்து குறைக்கப்பட்டால் அம்மாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் யாராவது சொல்வார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அப்படி இல்லை. மருந்தை நிறுத்துவதும் சிகிச்சைதான், அதற்கும் கண்காணிப்பு உண்டு.

கேள்வி: வயது 52. பிரஷர் மாத்திரையை வாரத்தில் மூன்று, நான்கு நாள்தான் போடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று ‘ஒழுங்காகப் போடுகிறேன்’ என்று சொல்லிவிடுகிறேன். பெரிய தப்பா?

பதில்: தப்பு என்று சொல்லி உங்களை இன்னும் ஒளியவைக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் தனி ஆளும் இல்லை. வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு முதல் மாத்திரையில் வறட்டு இருமல் வந்திருக்கிறது, எனலாபிரில், ராமிப்ரில் வகையில் அது வருவதுண்டு. சொல்லச் சங்கடப்பட்டு மாத்திரையை விட்டுவிட்டார். பிரஷர் இறங்கவில்லையே என்று நான் அளவைக் கூட்டினேன், பிறகு இரண்டாவது மருந்தும் சேர்த்தேன். ஒரு நாள் வீட்டில் அவர் மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடவைத்தார். நான்காம் நாள் காலை குளியலறையில் தலைசுற்றி விழுந்து நெற்றியில் தையல். நான் எழுதியது அவர் உண்மையில் போடாத அளவை நம்பி எழுதிய மருந்து.

அந்த நாளிலிருந்து “ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு ஒரே பதில்தான் வரும். “போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லோருக்கும் விட்டுப்போகும்” என்று கேட்கிறேன். உங்கள் டாக்டர் அப்படிக் கேட்காவிட்டாலும் நீங்களே எண்ணைச் சொல்லுங்கள்: “வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகிறது டாக்டர், காரணம் இது.” காரணம்தான் முக்கியம். மறதி என்றால் பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துவிடலாம், பக்கவிளைவு என்றால் மருந்தை மாற்றலாம், செலவு என்றால் அதே வேலை செய்யும் விலை குறைந்தது இருக்கலாம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம் என்றால் அதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். ஏனென்றால் பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. விட்ட மாத்திரையை ஈடுகட்ட மறுநாள் இரண்டாகப் போடுவதும் வேண்டாம். இன்னொன்று, சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தவே கூடாது: நெடுநாள் ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, இதயத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் எல்லாம் அந்த வரிசை.

கேள்வி: நான் புதிதாகப் பொதுநல மருத்துவராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதெல்லாம் சரி டாக்டர், வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது எதை விளக்குவது? ஆன்டிபயாடிக் கொடுக்காவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: தம்பி, உங்கள் களைப்பு எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நேரம் இல்லாத இடத்தில் நேரத்தை உண்டாக்க முடியாது. ஆனால் ‘சண்டைக்கு வருகிறார்கள்’ என்பதை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளோடு வந்த பெற்றோரிடம் உள்ளே போகும் முன்பே என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள், பிறகு டாக்டரிடம் அவர்கள் என்ன எதிர்பார்த்ததாக நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். வைரஸ் என்று கருதப்பட்ட நோய்க்குக்கூட, பெற்றோர் ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள் என்று டாக்டர் நினைத்தபோது 62 சதவீதம் எழுதினார்கள், அப்படி நினைக்காதபோது 7 சதவீதம். பெற்றோர் உண்மையில் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதற்கும் எழுதப்பட்டதற்கும் அப்படித் தொடர்பு இல்லை. நம் ஊகத்துக்கு நாமே மருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். “எதை நினைத்து ரொம்பப் பயப்படுகிறீர்கள்?” பதினைந்து வினாடி ஆகும். நிமோனியாவாக இருக்குமோ என்பார்கள், போன வருடம் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆகிவிட்டது என்பார்கள். அப்போது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டே சத்தமாகச் சொல்லுங்கள்: “இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகிறது, மூச்சு வேகம் சரியாக இருக்கிறது, காதும் சுத்தமாக இருக்கிறது.” பரிசோதனையும் விளக்கமும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். ‘வெறும் வைரஸ்தான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இரவெல்லாம் தூங்காத தாய்க்கு அந்த ‘வெறும்’ சுருக்கென்று தைக்கும். எத்தனை நாள் இருக்கும், அதுவரை என்ன செய்யலாம், எது வந்தால் திரும்ப வர வேண்டும், இந்த மூன்றையும் சொல்லாமல் யாரையும் எழுந்திருக்க விடாதீர்கள்.

சுவரையும் வேலை வாங்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் சில மருத்துவ நிலையங்களில், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன் என்று டாக்டரே கையெழுத்திட்டு, தன் படத்தோடு ஒரு கடிதத்தைப் பரிசோதனை அறையில் மாட்டினார்கள். 12 வாரத்தில், மாட்டாதவர்களோடு ஒப்பிட்டால் தேவையற்ற ஆன்டிபயாடிக் எழுதுவது ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளிகள் குறைந்தது என்று 2014இல் எழுதினார்கள். ஒரு கடிதம், ஒரு ஆணி.

எல்லோருக்கும் எல்லாமும் முடியாது. புது மருந்து தொடங்குபவர், இன்ஹேலர் அல்லது இன்சுலின் வாங்குபவர், ஐந்து மருந்துக்கு மேல் போடுபவர், இந்த மூன்று வகையினரை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அறுபதில் பத்து பேர் இருப்பார்கள். குழந்தைக்குச் சிரப் என்றால் வீட்டுக் கரண்டியை நம்பாதீர்கள், அளவுள்ள சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் கொடுங்கள். அப்புறம் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே அது எதற்கு என்று நோயாளி படிக்கும் மொழியில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: ‘பிரஷருக்கு’, ‘வலிக்கு, வலி இருந்தால் மட்டும்’, ‘தூக்கத்துக்கு, இரண்டு வாரம்’. நாளைக் காலை முதல் சீட்டிலேயே ஆரம்பித்துப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.